மருத்துவமனை மீது முறையிட எந்தக் கதவைத் தட்டுவது? நுகர்வோர் ஆணையம், உரிமையியல் நீதிமன்றம், நிரந்தர மக்கள் நீதிமன்றம், மருத்துவ மன்றம்: ஓர் ஒப்பீடு

சிகிச்சையில் தவறு நடந்துவிட்டது என்று நம்பும் குடும்பத்தார் முதலில் கேட்பது, "கேஸ் எங்கே போடுவது?" என்பதுதான். அதற்குள் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகச் சொல்வார் ஒருவர். போலீஸில் எழுதிக் கொடுக்கச் சொல்வார் இன்னொருவர். மெடிக்கல் கவுன்சிலில் புகார் கொடுத்தால் டாக்டரின் பதிவே போய்விடும் என்பார் மூன்றாமவர். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த அமைப்புகள் ஒவ்வொன்றும் தருவது வேறு, கேட்பதும் வேறு. ஒன்றில் கிடைப்பதை மற்றொன்றில் எதிர்பார்த்துப் போய், கையில் இருந்த காலத்தைத் தொலைத்துவிட்டு வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்திய, குறிப்பாகத் தமிழ்நாட்டு நிலைமையை வைத்து இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், உங்களுக்கு என்ன வேண்டும் என்பது. இழப்பீட்டுப் பணமா, அந்த மருத்துவர் மீது நடவடிக்கையா, நடந்தது என்ன என்பதற்கு ஒரு நேர்மையான பதிலா? இதைக் குடும்பத்தார் தங்களுக்குள் பேசி முடிவு செய்யாமல் வக்கீல் அலுவலகத்துக்குப் போனால், அங்கே யாருக்கு எது பழக்கமோ அந்த வழியில் வழக்கு நகர ஆரம்பித்துவிடும்.

இரண்டாவது, காலவரம்பு. மூன்றாவது, கட்டணமும் அதற்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஆகும் செலவும். நான்காவது, எவ்வளவு சான்று தேவைப்படும், அதை யார் கொண்டுவர வேண்டும் என்பது. ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை: தோற்றால் மேலே போக வழி உண்டா, வென்றால் பணத்தை வசூலிக்க வழி உண்டா?

நான்கு கதவுகளுக்கும் பொதுவான ஒன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நோயாளி இறந்துவிட்டார் என்பதாலோ சிகிச்சை பலிக்கவில்லை என்பதாலோ மட்டும் கவனக்குறைவு நிரூபணம் ஆகிவிடாது. அதே துறையில், அதே சூழ்நிலையில், சராசரித் திறன் உள்ள ஒரு மருத்துவர் செய்திருக்கக்கூடியதை இவர் செய்யவில்லை என்று காட்ட வேண்டும். வயிற்றுக்குள் பஞ்சை வைத்துத் தைத்துவிட்டது, வலது காலுக்குப் பதில் இடது காலை அறுத்தது போன்ற சம்பவங்களில் தவறு தானாகவே பேசும். மற்றவற்றில் அதைப் பேசவைப்பது, சிகிச்சை விவரம் முழுவதையும் மருத்துவமனை எழுதி வைக்கும் கேஸ் ஷீட்தான்.

| அமைப்பு | என்ன கிடைக்கும் | காலவரம்பு | கட்டணம் | மேலே போக வழி |
|---|---|---|---|---|
| நுகர்வோர் ஆணையம் | இழப்பீடு, வழக்குச் செலவு | 2 ஆண்டு | செலுத்திய தொகை 5 லட்சம் வரை இல்லை | மாநில ஆணையத்துக்கு 45 நாளில் |
| உரிமையியல் நீதிமன்றம் | இழப்பீடு | பெரும்பாலும் 3 ஆண்டு. சில இறப்பு வழக்குகளில் 2 | கேட்கும் தொகையில் 3% | வழக்கமான மேல்முறையீடு |
| நிரந்தர மக்கள் நீதிமன்றம் | சமரசம். ஆகாவிட்டால் தீர்ப்பு | மற்ற காலவரம்புகளை மனத்தில் வைத்து | இல்லை | மேல்முறையீடு இல்லை |
| மாநில மருத்துவ மன்றம் | எச்சரிக்கை, பதிவு இடைநீக்கம் அல்லது நீக்கம் | தாமதிக்காமல் | நீதிமன்றக் கட்டணம் இல்லை | மருத்துவருக்கு உண்டு. உங்களுக்கு உறுதியில்லை |

## நுகர்வோர் குறைதீர் ஆணையம்

காசு கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் குறை இருந்தால், பெரும்பாலோருக்கு முதலில் நான் சுட்டுவது இந்தக் கதவைத்தான். மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. வழக்கறிஞர் சேவை இந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் அதே நீதிமன்றம் கூறியபோது, 1995 தீர்ப்பையும் மீண்டும் பார்க்க வேண்டும் என்று அதில் குறிப்பிட்டதால், மருத்துவர்கள் மீதான வழக்கும் போய்விடுமோ என்று பலர் பயந்தார்கள். 1995 தீர்ப்பு இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

இங்கே அதிகம் கவனிக்கப்படாத வசதி ஒன்று உண்டு. எந்த ஆணையத்துக்குப் போக வேண்டும், எவ்வளவு கட்டணம் கட்ட வேண்டும் என்பவை 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து முடிவாவதில்லை. மருத்துவமனைக்குச் செலுத்திய தொகையை வைத்து முடிவாகின்றன. செலுத்தியது 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதையும் தாண்டினால் தேசிய ஆணையம். இந்த ஏற்பாடு செல்லும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 4,80,000 ரூபாய் பில் கட்டிய ஒரு குடும்பம் 25 லட்சம் இழப்பீடு கேட்பதாக வைத்துக்கொள்வோம். மாவட்ட ஆணையத்தில் கட்டணமே கிடையாது. பில் 5 லட்சத்தைத் தாண்டி 10 லட்சத்துக்குள் இருந்தால் 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். இதே குடும்பம் தமிழ்நாட்டில் உரிமையியல் வழக்குப் போட்டால், கேட்கும் 25 லட்சத்துக்கு 3% கணக்கில் 75,000 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும்.

மருத்துவமனை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே மனுச் செய்யலாம் என்பது 2019 சட்டம் தந்த இன்னொரு நன்மை. சென்னையில் சிகிச்சை பெற்றுவிட்டு ராமநாதபுரத்துக்குத் திரும்பிய குடும்பத்துக்கு இது பெரிய விஷயம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இனி மறைந்திருக்கும் செலவுகள். முதலாவது காலம். மூன்று மாதத்திலும், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்திலும் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மருத்துவ வழக்குகளில் அந்தக் கணக்கை நம்பித் திட்டமிட வேண்டாம். எதிர்தரப்பு பதிலுரை தாக்கல் செய்ய 30 நாளும் கூடுதலாக 15 நாளும்தான், அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டதால், முன்பு அங்கே போன மாதங்கள் இப்போது மிச்சம். ஆனால் நிபுணர் கருத்து, ஆவணம், வாதம் என்று பிறகு நீளும். உறுப்பினர் பணியிடம் காலியாக இருந்தால் வாய்தா மேல் வாய்தாதான். கொல்கத்தாவில் தவறான சிகிச்சை பெற்று 1998-இல் இறந்த ஒரு பெண்ணின் கணவருக்கு ஏறத்தாழ 6 கோடி ரூபாயும் வட்டியும் வழங்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2013-இல். அந்தத் தொகையைச் சொல்லி நம்பிக்கை ஊட்டுபவர்கள், நடுவே போன 15 ஆண்டுகளையும், அந்தக் கணவரே ஒரு மருத்துவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது செலவு நிபுணர். எல்லா வழக்கிலும் நிபுணர் கருத்து கட்டாயம் இல்லை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மலேரியாவுக்கு டைபாய்டு சிகிச்சை கொடுத்த வழக்கு அது. இருந்தாலும் சிக்கலான அறுவை சிகிச்சை, மயக்க மருந்து, பிரசவம் ஆகியவை பற்றிய வழக்குகளில் ஒரு மருத்துவரின் எழுத்து மூலமான கருத்து இல்லாமல் நிற்பது கடினம். உள்ளூரில் அதை எழுதித் தர ஆள் கிடைப்பது அதைவிடக் கடினம். வேறு மாவட்டத்தில், ஓய்வு பெற்ற ஒருவரைத் தேட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, வென்ற பிறகு வருவது. மருத்துவமனை மேல்முறையீடு செய்யலாம். ஆனால் உத்தரவான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் செய்ய முடியும். உத்தரவை மதிக்காவிட்டால் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு இருக்கிறது. உரிமையியல் நீதிமன்றத்தில் தீர்ப்புத் தொகையை வசூலிக்க நிறைவேற்று மனு போட்டு அலைவதோடு ஒப்பிட்டால், வசூல் விஷயத்தில் இது வலுவான கதவு.

அரசு மருத்துவமனையில் எல்லோருக்கும் இலவசமாகத் தரப்படும் சிகிச்சை இந்தச் சட்டத்துக்குள் வராது. காப்பீட்டு நிறுவனமோ வேலை தரும் நிறுவனமோ உங்களுக்காகப் பணம் கட்டியிருந்தால் அது காசு கொடுத்த சிகிச்சையாகவே கருதப்படும்.

## உரிமையியல் நீதிமன்றம்

சாட்சியைக் கூண்டில் ஏற்றி, வக்கீல் நேருக்கு நேர் குறுக்கு விசாரணை செய்ய முழு வாய்ப்புள்ள இடம் இது. நுகர்வோர் ஆணையத்தில் சாட்சியம் பெரும்பாலும் பிரமாண வாக்குமூலமாகத் தாளில்தான் வரும். கேஸ் ஷீட்டில் இடைச்செருகல் இருக்கிறது, கையெழுத்து என்னுடையது இல்லை, சம்மதப் படிவத்தை வெற்றுத் தாளில் வாங்கினார்கள் என்பவைதான் உங்கள் வழக்கின் உயிர் என்றால், அந்தத் தாளை எழுதிய நர்ஸையும் டாக்டரையும் கேள்வி கேட்டே ஆக வேண்டும். அப்போது 3% கட்டணத்தைப் பொறுத்துக்கொண்டு இங்கே வருவதில் நியாயம் இருக்கிறது. இந்தக் கட்டணம் 2017 வரை 7.5% ஆக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கட்ட வசதியே இல்லாதவர்கள் வறியவர் என்ற நிலையில் வழக்குத் தொடுக்க அனுமதி கேட்கலாம். ஆனால் அந்த மனு மீதான விசாரணைக்கே மாதக்கணக்கில் ஆகிவிடும். வழக்கு நடக்கும்போது மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகிவிட்டால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

அரசு மருத்துவமனையில் இலவச சிகிச்சை பெற்றவர்களுக்கும் இந்தக் கதவு திறந்திருக்கிறது. அங்கே பணியாற்றும் மருத்துவரின் கவனக்குறைவுக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று, கருத்தடை அறுவை சிகிச்சை தவறிய ஒரு பெண்ணின் வழக்கில் 2000-ஆவது ஆண்டில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அரசு மீது வழக்குத் தொடுக்கும் முன் இரண்டு மாத அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

காலவரம்பில் ஒரு பொறி இருக்கிறது. பொதுவாக மூன்று ஆண்டு என்ற நம்பிக்கையில் இருப்பார்கள். இறந்தவரின் சட்டப் பிரதிநிதிகள் 1855-ஆம் ஆண்டு உயிரிழப்பு விபத்துச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தால் அது இறந்த நாளிலிருந்து இரண்டே ஆண்டு.

## நிரந்தர மக்கள் நீதிமன்றம்

பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மாதாமாதம் செய்தித்தாளில் வரும் மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் தீர்வு. நிரந்தர மக்கள் நீதிமன்றம் வேறு. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் 2002-இல் சேர்க்கப்பட்ட பகுதியின்படி, போக்குவரத்து, மின்சாரம், காப்பீடு, மருத்துவமனைச் சேவை போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளில் எழும் தகராறுகளை அது எடுத்துக்கொள்கிறது. முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும், அது கட்டாயம். சமரசம் ஆகாவிட்டால் தானே தீர்ப்பளிக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு என்பதை 2022-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தகராறின் மதிப்பு 1 கோடி ரூபாய் வரை இருக்கலாம். கட்டணம் இல்லை. உங்கள் மாவட்டத்துக்கு எங்கே அமர்கிறது என்பதை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

இதன் விலை வேறிடத்தில் இருக்கிறது. தீர்ப்பு இறுதியானது, மேல்முறையீடு கிடையாது. உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) கேட்கலாம், ஆனால் அங்கே சாட்சியத்தை முதலிலிருந்து எடைபோட மாட்டார்கள். தகராறு வேறு நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே இங்கே வந்திருக்க வேண்டும். வந்த பிறகு அதே தகராறோடு வேறு நீதிமன்றத்துக்குப் போக முடியாது. ஆகவே பில் தொகையில் குளறுபடி, முன்பணத்தைத் திருப்பித் தர மறுப்பது, ஆவணம் தராமல் இழுத்தடிப்பது, பிழை கண்ணுக்கு நேராகத் தெரிகிற சிறிய காயம் போன்றவற்றுக்கு இது மிக நல்ல இடம். இருபத்தெட்டு வயது மகன் அறுவை சிகிச்சை மேசையில் இறந்துபோன வழக்கை, மேல்முறையீடு இல்லாத ஓர் இடத்தில் ஒரே தடவையில் பணயம் வைக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

## மாநில மருத்துவ மன்றம்

பணம் வேண்டாம், இன்னொரு குடும்பத்துக்கு இப்படி நடக்கக் கூடாது என்று சொல்கிறவர்களுக்கு உரிய இடம் தமிழ்நாடு மருத்துவ மன்றம் (மெடிக்கல் கவுன்சில்). எச்சரிக்கை செய்யவும், பதிவேட்டிலிருந்து பெயரைக் குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ நீக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. ஒரு ரூபாய் இழப்பீடுகூட வழங்க முடியாது. விசாரணை பதிவு பெற்ற மருத்துவர் மீது மட்டும்தான், மருத்துவமனை நிர்வாகத்தின் மீது இல்லை. ஆக்சிஜன் இல்லை, இரவுப் பணியில் தகுதியான மருத்துவரே இல்லை என்பது போன்ற நிர்வாகக் குறைகளுக்கு, மருத்துவமனைப் பதிவைக் கவனிக்கும் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடம் தனியாக எழுத வேண்டும்.

மருத்துவர்களின் தொழில் நடத்தை பற்றிய 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். அதை நம்பிக் காத்திருப்பதில்தான் பெரிய இழப்பு ஒளிந்திருக்கிறது. ஒரு தடவை என் மேசைக்கு வந்த துணிப்பையில் எல்லாமே ஒழுங்காக இருந்தன: டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனைத் தாள்கள், பதிவுத் தபால் ரசீதுகள், தேதிவாரியாக அந்தப் பெண்மணி நோட்டில் எழுதி வைத்திருந்த குறிப்புகள். மேலே மருத்துவ மன்றத்தின் கடிதம், மருத்துவரிடம் குறை கண்டதாக. கணவர் இறந்து இரண்டு ஆண்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. "கவுன்சில் தீர்ப்பு வரட்டும், அதை வைத்து நஷ்டஈடு கேட்கலாம்னு சொன்னாங்க" என்றார். மன்றத்தில் புகார் நிலுவையில் இருப்பது நுகர்வோர் சட்டத்தின் இரண்டு ஆண்டுக் காலவரம்பை நிறுத்தி வைக்காது. போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் வலுவான ஒரு வழக்கு, தன் முதல் நாளிலேயே மன்னிப்புக் கேட்டு நிற்க வேண்டியதாயிற்று.

இன்னொன்று: தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, மன்றத்தின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையை மருத்துவருக்குத்தான் வெளிப்படையாகத் தருகிறது. புகார் தள்ளுபடியானால், அந்தத் தள்ளுபடி உத்தரவை மருத்துவமனை உங்களுக்கு எதிராக நுகர்வோர் ஆணையத்தில் தாக்கல் செய்யும். ஆணையத்தை அது கட்டுப்படுத்தாது என்றாலும், அதைத் தாண்டி வாதாட வேண்டிய சுமை உங்களுடையது.

## போலீஸ் புகார் பற்றி

2005-இல் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, குற்ற வழக்குக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது. மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும், விசாரணை அதிகாரி சார்பற்ற ஒரு மருத்துவரின் கருத்தையும் பெற வேண்டும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் மருத்துவருக்கு அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டு. போதையில் அறுவை சிகிச்சை செய்தார், தகுதியே இல்லாதவர் ஊசி போட்டார் என்றால் போங்கள். இழப்பீட்டுக்கு அழுத்தம் கொடுக்கும் கருவியாக இதைப் பயன்படுத்தச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். விசாரணை முடிவு எதிராக வந்தால் இழப்பீட்டு வழக்கும் சேர்ந்து பலவீனமாகிவிடும்.

## எவற்றைச் சேர்த்து நடத்தலாம்

ஒரே இழப்பீட்டை நுகர்வோர் ஆணையத்திலும் உரிமையியல் நீதிமன்றத்திலும் ஒரே நேரத்தில் கேட்க முடியாது. ஆனால் மருத்துவ மன்றப் புகாரையும் இழப்பீட்டு வழக்கையும் அக்கம்பக்கமாக நடத்தத் தடையில்லை. இரண்டும் வேண்டுமென்றால், வரிசையாக அல்ல, ஒருசேரத் தொடங்குங்கள்.

காலம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதும் எல்லோரும் நினைப்பதுபோல் இல்லை. உள்ளே மறைந்திருந்த பாதிப்பு வெளிப்பட்ட நாளிலிருந்து எண்ணலாம் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆயினும் அந்த வழக்கைத் தொடுத்த பெண் தோற்றார். 1993-இல் அறுவை சிகிச்சை, வயிற்றிலிருந்து பஞ்சு எடுக்கப்பட்டது 2002-இல். இடையில் வலி இருந்தும், நர்ஸாகப் பணியாற்றிய அவர் உரிய பரிசோதனைக்குப் போகாமல் விட்டதால், வெளிப்பட்ட நாளிலிருந்து எண்ணும் சலுகை கிடைக்கவில்லை. வலி தொடர்ந்தால் வேறு மருத்துவரிடம் காட்டி, அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துவது உடம்புக்கும் நல்லது, வழக்குக்கும் நல்லது.

எந்தக் கதவு என்று முடிவு செய்வதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலை, கேஸ் ஷீட்டின் முழு நகலை வாங்குவது. டிஸ்சார்ஜ் சம்மரி போதாது; மருந்து கொடுத்த நேரம், ரத்த அழுத்தம் பார்த்த நேரம், டாக்டரை எத்தனை மணிக்கு அழைத்தார்கள் என்பவை நர்ஸின் குறிப்புத் தாளில்தான் இருக்கும். இரவு 2 மணிக்கும் 5 மணிக்கும் நடுவே அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லாமல் இருப்பது, நூறு பக்க வாதத்தைவிட வலுவானது. எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும், தர மறுப்பதே ஒழுங்கீனம் என்று 2002 நெறிமுறைகள் சொல்கின்றன. மூன்று ஆண்டு வரை வைத்திருக்க வேண்டிய கடமையும் உண்டு. வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மேசையிலேயே, மீதி பில்லைத் தள்ளுபடி செய்கிறோம், இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று வேறொரு தாளை நீட்டக்கூடும். "எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி அதில் இருக்கிறதா என்று பார்க்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.